நாற்பதாவது நிமிடத்தில் நின்றுபோகும் டிராக்டர்

மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்திய கோளாறு இது. காலையில் சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே கிளம்பும். மண்ணைக் கிளறும் சுழல்கத்திக் கருவியான ரோட்டவேட்டரை இறக்கி உழ ஆரம்பித்தால் சத்தத்தில் ஒரு குறையும் தெரியாது. நாற்பது நிமிடம் ஆனதும் இன்ஜின் மூச்சு வாங்கும். வேகம் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். பிறகு விக்கல் எடுத்தவன் போல இரண்டு தரம் குலுங்கி நின்றுவிடும். இறங்கி, மரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்து மறுபடி சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அடுத்த பத்து நிமிடத்தில் அதே விக்கல்.

கடைசியில் கோளாறை நானே பிடித்தேன். அதற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் இரண்டு காரணங்கள்: வண்டி வாங்கும்போது பார்த்த ஒரு விஷயம், எரிச்சலோடு எழுதி வந்த ஒரு குறிப்பேடு. ஆகவே வாங்கிய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டம் மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். பாதி பழமரங்கள், கால் பங்கு காய்கறிப் பாத்திகள், மிச்சம் புல்லும் புதரும். மண்வெட்டிக்குப் பெரியது, வயல் உழும் டிராக்டருக்குச் சிறியது. சில வருடம் பின்னால் நடந்து ஓட்டும் பவர் டில்லரை வைத்துச் சமாளித்தேன். உழவுக்கு அது போதும். ஆனால் எருவை அள்ள, வெட்டிய கிளைகளை இழுக்க, புல் அறுக்க அதனால் ஆகாது. இரண்டு மணி நேரம் பிடித்து நடந்தால் இரவு வரை உள்ளங்கையில் அதிர்வு நிற்காது.

சிறு டிராக்டர் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது குதிரைத்திறனைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 35 குதிரைத்திறன் என்று காகிதத்தில் எழுதி வட்டமும் போட்டுவிட்டேன். பிறகு சந்தேகம் வந்து நான்கு கழிகளைக் கட்டி ஒரு சட்டம் செய்தேன். அந்த வண்டியின் அகலம், உருள்பாதுகாப்புச் சட்டம் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு) வரையான உயரம், இரண்டும் அதே அளவு. அதைத் தூக்கிக்கொண்டு மரவரிசைகளுக்கிடையே நடந்தேன். அடிமரங்களுக்கு நடுவே தாராளமாக இடம் இருந்தது. ஆனால் தோள் உயரத்தில் கிளைகள் இருபுறமும் நீண்டு வழியைப் பாதியாக்கியிருந்தன. முதல் வரிசையிலேயே சட்டம் ஏழெட்டு இடங்களில் மாட்டிக்கொண்டது. வரிசை முடிவில் வேலிக்கும் கடைசி மரத்துக்கும் நடுவே திரும்ப வழியே இல்லை. கழிகளை அவிழ்த்து 1.2 மீட்டர் அகலத்துக்குக் குறுக்கிக் கட்டினேன். அப்போது போக முடிந்தது. என் வண்டியைத் தேர்ந்தெடுத்தது அந்தக் கழிச் சட்டம்தான் என்று சொல்வேன்.

அந்த அகலத்துக்குள் கிடைப்பவை பெரும்பாலும் 18 முதல் 25 குதிரைத்திறன் வரை உள்ள வண்டிகள். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போடுவது இன்ஜினின் திறன். பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டுக்கு, அதாவது பி.டி.ஓ.வுக்கு, வந்து சேருவது அதைவிடக் குறைவு. வழியில் கியர்களும் ஹைட்ராலிக் பம்பும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ரோட்டவேட்டரோ புல்வெட்டியோ, அகலத்தில் ஓர் அடிக்கு ஐந்து குதிரைத்திறன் என்பது தோராயக் கணக்கு. நான்கு அடிக் கருவிக்கு பி.டி.ஓ.வில் இருபது வேண்டும். ஈரக் களிமண்ணானால் அதுவும் திணறும்.

கருவியின் அகலத்தில் இன்னொரு கண்ணி உண்டு. ரோட்டவேட்டர் பின்சக்கரங்களின் வெளி விளிம்பு வரையாவது மூட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் அமுக்கிய தடம் இரண்டு கெட்டிக் கோடுகளாக உழவுக்கு வெளியே நின்றுவிடும். அகலமான கருவிக்குத் திறன் போதவில்லை என்றால் கருவியை ஒரு பக்கம் தள்ளிப் பொருத்தி ஒரு சக்கரத் தடத்தையாவது மறைக்கலாம். மரத்தின் அடிவரை உழவும் அதுவே வசதி.

கியரா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்பதில் நான் நிறைய நாள் கழித்தேன். மிதியை அமுக்கினால் முன்னே, மறுமிதியை அமுக்கினால் பின்னே என்று, கியருக்குப் பதில் ஆயிலின் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி, மரங்களுக்கிடையே புல் அறுக்கவும் முன்னும் பின்னும் போய் எரு அள்ளவும் சுகமானது. ஆனால் திறனில் ஒரு பகுதியை ஆயிலைச் சூடாக்கியே தீர்த்துவிடும். எனக்கு உழவுதான் முக்கால்வாசி வேலை. தாழ்ந்த வேகத்தில் ஊர்ந்து போகும் கியர் உள்ள வண்டியையே எடுத்தேன். பெரும்பாலும் புல் அறுப்பவர்கள் என் முடிவைப் பின்பற்ற வேண்டாம்.

நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. சிறு டிராக்டர் எடை குறைந்தது. ஈரத்தில் பின்சக்கரம் மட்டும் சுழன்றால் நின்ற இடத்திலேயே பள்ளம் தோண்டிக்கொள்ளும். ஆனால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முன் டயரின் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுற்றும்படி கியர்கள் அமைந்திருக்கும். யாராவது கிடைத்த டயரைப் போட்டு விகிதத்தைக் கெடுத்திருந்தால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்; தேய்வது கியர்ப்பெட்டிக்குள். இதே காரணத்தால் கெட்டித் தரையில் முன் இயக்கத்தைப் போட்டு ஓட்டக் கூடாது. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தார்ச் சாலையில் அதற்கு வழியில்லை.

பின்னால் கருவி மாட்டும் மூன்று முனை இணைப்பில் பிரிவு 1 என்னும் அளவையே தேடினேன். கீழ்க்கைகளின் முள் 22 மில்லிமீட்டர், மேல் இணைப்பின் முள் 19 மில்லிமீட்டர். இதற்குக் கருவி கிடைப்பது சுலபம். இந்த மூன்று முனை அமைப்பை ஹாரி ஃபெர்குசன் உருவாக்கி, 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டர் மூலம் பரவலாக்கினார். அதற்கு முன் கலப்பையைச் சங்கிலியில் கட்டியது போல இழுத்துச் சென்ற காலத்தில், கொழு பாறையில் மாட்டினால் டிராக்டர் முன்சக்கரம் தூக்கி ஓட்டியவர்மீதே கவிழ்வது உண்டு. அவருடைய அமைப்பில் மேல் இணைப்பு அந்த விசையையே முன்பக்கத்தை அழுத்தும் விசையாக மாற்றிவிடுகிறது. நாள் முழுக்க நான் திட்டிக்கொண்டே திருகும் அந்த மேல் இணைப்புத் தண்டுக்கு இவ்வளவு பெருமை இருக்கிறது.

அதற்காகக் கவிழ்வது அடியோடு நின்றுவிடவில்லை. சரிவில் பக்கவாட்டில் புரளும் ஆபத்து அப்படியே இருக்கிறது. ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டர்களில் உருள்பாதுகாப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. நான் பார்த்த பழைய வண்டிகளில் இரண்டில் அது இல்லை. ‘கிளையில் இடிக்கிறது’ என்று அறுத்து எறிந்திருந்தார்கள். அவற்றின் விலையைக்கூடக் கேட்கவில்லை. சட்டம் நிமிர்ந்திருந்தால் இருக்கை வார் போட வேண்டும். கிளைக்காக மடக்கியிருக்கும்போது வார் போடக் கூடாது. சட்டம் காக்காத நேரத்தில் வார் நம்மை வண்டியோடு சேர்த்துக் கட்டிவிடும்.

பழைய வண்டி பார்க்கப் போனால் முதல் வேலை இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால், நாம் வருமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் அதன் உண்மையான உடல்நிலை. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதிலிருந்து புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா என்று பார்த்தேன். தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. கருவியைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்து, அது எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று கவனித்தேன். கியர்ப்பெட்டி ஆயில் குச்சியை உருவி, பால் கலந்த நிறம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தால் உள்ளே தண்ணீர்.

ஜப்பானில் உள்நாட்டுக்காகச் செய்து, அங்கே பயன்பட்டபின் பிற நாடுகளுக்கு வரும் பழைய சிறு டிராக்டர்களும் என் பட்டியலில் இருந்தன. சிக்கனமான, உறுதியான வண்டிகள். குறையும் சொல்ல முடியாது. ஆனால் உள்நாட்டு மாடல் எண்ணுக்கு வெளிநாட்டு உதிரிபாகப் பட்டியலில் இடமில்லாமல் போகலாம்; ஆயில் கசியாமல் தடுக்கும் ஒரு சீலுக்காக அலைய எனக்குத் தெம்பில்லை.

இவையெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் கூடுதலாக ஒன்று செய்தேன். ஒவ்வொரு வண்டியிலும் பானட்டைத் திறந்து, ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ரேடியேட்டர் வலை, பேட்டரி, டேங்கின் அடிக்குழாய் ஆகிய ஆறையும் எந்தக் கருவியும் இல்லாமல் என் கையால் தொட முடிகிறதா என்று பார்த்தேன். பார்ப்பதற்கு மிக அழகான ஒரு வண்டியில், ஆயில் ஃபில்டரைத் தொடவே முன்பக்க வாளியின் சட்டத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஃபில்டரை யாரும் காலத்தில் மாற்றியிருக்க மாட்டார்கள், நானும் மாற்ற மாட்டேன். 22 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், கண்ணைக் கவராத, பெயின்ட் உரிந்த ஒரு வண்டியில் ஆறும் கைக்கு எட்டின. இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மணிமீட்டரில் 1,180 இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் மண்ணில் இறக்கவில்லை. பழைய சொந்தக்காரர் என்ன சொன்னாலும் சரி, எல்லாத் திரவத்தையும் வடித்து மாற்றிவிடுவது என்பது என் கொள்கை. அதன்பின் கணக்கு நம்முடையது. இன்ஜினுக்கு 15டபிள்யூ-40 ஆயிலும் ஃபில்டரும். கியர்ப்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் இந்த வண்டியில் ஒரே ஆயில்தான். அதற்கென்றே செய்த டிராக்டர் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும், இன்ஜின் ஆயிலில் மிச்சமானதை அல்ல. வடிகால் திருகின் காந்த முனையில் கரும்பசை போல நுண்ணிய இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். நகத்தில் இடறும்படி சில்லு ஏதாவது இருந்திருந்தால்தான் கவலை. ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, கூலன்டும் கனிமம் நீக்கிய நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன்.

வலையைக் கழற்றிப் பார்த்தால் ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே ஒரு விரற்கடை தடிமனுக்குப் புல்விதைகள் மெத்தை போலப் படிந்திருந்தன. விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடித்தேன். முன்னிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகச் செருகிக்கொள்ளும். இதழ்கள் சாய்ந்துவிடாதபடி நேராகப் பிடித்து அடிக்க வேண்டும்.

ஏர் ஃபில்டரில் அளவுக்கு மீறிய சுத்தம் ஒரு நோய். தினமும் கழற்றித் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளே தூசி விழ ஒரு வாய்ப்பு. தரையில் தட்டினால் விளிம்பு நெளிந்து, அந்தச் சந்து வழியே மண் நேராக சிலிண்டருக்குப் போகும். கீழே தொங்கும் ரப்பர் வால்வை மட்டும் அன்றாடம் பிதுக்கித் தூசியைக் கொட்டிவிடுவேன். ஃபில்டரைக் கழற்ற வேண்டி வந்தால், உள்ளிருந்து வெளியே, 2 பார் அழுத்தத்துக்கு மேல் போகாத காற்று. பிறகு உள்ளே ஒரு விளக்கை விட்டு இருட்டில் பார்ப்பேன். ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் புதிதுதான்.

அதிக நேரம் எடுத்தது பி.டி.ஓ. தண்டு. ரோட்டவேட்டரோடு வந்த தண்டு இந்த வண்டிக்கு நீளம். அப்படியே மாட்டிக் கருவியைத் தூக்கினால், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழல்களும் கடைசிவரை போய் முட்டி, டிராக்டரின் பேரிங்கையோ கருவியின் பேரிங்கையோ நெட்டித் தள்ளிவிடும். தண்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வண்டியிலும் மறுபாதியைக் கருவியிலும் மாட்டி, கருவியை மெல்லத் தூக்கி இறக்கி, இரண்டு முனைகளும் மிக நெருங்கி வரும் நிலையில் நிறுத்தினேன். பக்கம் பக்கமாக வைத்துச் சாக்பீஸால் கோடு. முட்டாமல் இருக்க இரண்டு விரல் இடைவெளி விட்டு, இரு குழல்களிலும் அவற்றின் பிளாஸ்டிக் உறைகளிலும் ஒரே அளவு அறுத்தேன். அறுத்த விளிம்பை அரத்தால் ராவி, தூளைத் துடைத்து, கிரீஸ் தடவிச் செருகினேன். கருவி முழுக்க இறங்கிய நிலையிலும் குழல்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறதா என்பதைக் கடைசியாகப் பார்த்தேன்.

ஓட்டியதும் வண்டி முழுக்க நடுக்கம். அறுத்ததில்தான் தப்பு என்று நினைத்தேன். தண்டு சதுரக் குழல் வகை. நான்கு விதமாகச் செருகலாம். நான் செருகியதில் இரு முனைகளின் கவைகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றன. உருவி, இரண்டும் ஒரே தளத்தில் வரும்படி செருகியதும் நடுக்கம் போய்விட்டது. பி.டி.ஓ.வை 540 சுற்றுக்குக் கொண்டுவந்து கேட்டால் சீரான ஒரே ஸ்வரம். உறையின் சங்கிலியை மாட்டாமல் விடுவது பலருக்குப் பழக்கம். நிமிடத்துக்கு 540 என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

அதன்பின் இருநூறு மணி நேரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து மணி நேரத்துக்கு ஒரு தரம் கிரீஸ், நூறு மணிக்கு இன்ஜின் ஆயில், நடுவே ஒருமுறை கிளட்ச் மிதியின் தளர்வைச் சரிசெய்தது. எல்லாவற்றையும் மணிமீட்டர் எண்ணோடு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். ஊற்றிய டீசலையும்.

1,384ஆம் மணியில் விக்கல் தொடங்கியது.

டீசல் இன்ஜின் ஓடி ஓடி நின்றால் முதலில் எரிபொருளைச் சந்தேகிக்க வேண்டும். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் உளுந்து அளவில் இரண்டு மூன்று தண்ணீர் முத்துகள் உருண்டன. புது ஃபில்டர் போட்டு ஏர் எடுத்தேன், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். சாவியை ஒரு நிலை திருப்பினால் மின்பம்ப் ஓடும். ஃபில்டர் தலையிலுள்ள திருகை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு குமிழியே இல்லாத டீசல் வழிந்தது. திருகை இறுக்கி, அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் அப்படியே. இன்ஜெக்டர் வரை போக வேண்டியிருக்கவில்லை. அங்கே தளர்த்த நேர்ந்தால் கையை முன்னே நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

மறுநாள் இரண்டு மணி நேரம் நிற்காமல் உழுதது. ஃபில்டர்தான் காரணம் என்று நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன். அதற்கு மறுநாள் நாற்பதாவது நிமிடத்தில் விக்கல்.

அடுத்து டேங்க் மூடி. மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. நின்றவுடன் மூடியைத் திருகினேன். காற்று உறிஞ்சும் ‘உஸ்’ சத்தம் வரவில்லை. மூடியைத் தளர்த்தி வைத்தே ஓட்டினேன், அப்போதும் நின்றது. அடுத்து, டீசலை நிறுத்தும் மின்காந்த அமைப்பான சோலினாய்டு. சூடானால் சில சோலினாய்டுகள் பிடியை விட்டுவிடும். நின்றிருக்கும்போதே சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று பிடித்தது, மீட்டரில் 12 வோல்ட்டும் வந்தது. வெப்பநிலை முள் நடுவிலேயே நின்றது.

ஒரு மெக்கானிக்கிடம் தொலைபேசியில் கேட்டேன். “மின்பம்ப் சூடானால் இப்படித்தான் செய்யும். மாற்றிவிடுங்கள்” என்றார். சோதித்துப் பார்த்தேன். ஃபில்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, சாவியைத் திருப்பினேன். காலையில் பாட்டில் மளமளவென்று நிறைந்தது. விக்கல் எடுத்து நின்ற நொடியில் அதே சோதனை: சொட்டு சொட்டாக வந்தது. ஆக, பம்ப்தான். புது பம்ப் வாங்கி மாட்டினேன். நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது. அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் அவ்வளவு செலவு.

அன்று இரவு குறிப்பேட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி பக்கத்தில் நின்று மேலிருந்து கீழாக விரலை ஓட்டிவந்தாள். “இரண்டு கேன் என்று எழுதியிருக்கும் நாட்களில் நின்றதாகவே இல்லையே, பார்த்தீர்களா?” என்றாள்.

வழக்கமாகக் காலையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத்தான் ஊற்றுவேன். அன்றைய வேலைக்கு அது போதும் என்பதால் டேங்க் எப்போதும் அடிமட்டத்திலேயே கிடந்தது. மூன்று வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இரண்டு கேன். அந்த இரண்டு நாளும் விக்கல் இல்லை. அதில் ஒன்று புது ஃபில்டர் போட்டதற்கு மறுநாள். வெப்பமும் பம்பும் காரணமாக இருந்தால் டேங்கில் எவ்வளவு டீசல் என்பதைப் பற்றி அவை ஏன் கவலைப்பட வேண்டும்?

மறுநாள் ஒரு கேன் மட்டும் ஊற்றி, வேண்டுமென்றே அது நிற்கும்வரை உழுதேன். நின்றதும் சாவியை அணைத்துவிட்டு, கால்மிதிப் பலகைக்குக் கீழே கையை விட்டு, டேங்கின் அடியிலிருந்தே குழாயை உருவினேன். நூல் போல ஒழுகி நின்றது. உள்ளே டீசல் இருக்கிறது, வெளியே வரவில்லை. ஒரு துண்டுக் குழாயைச் செருகி, சைக்கிள் பம்பால் மெல்ல ஒரு அழுத்து. டேங்குக்குள் ‘குபுக்’ என்று ஒரு சத்தம். குழாயை எடுத்ததும் விரல் தடிமனுக்கு டீசல் கொட்டி முழங்கை வரை நனைத்தது. கோபமே வரவில்லை.

டேங்கை முழுக்க வடித்து, வாயில் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அடியில் மிச்சமிருந்த டீசலின்மேல் ஒரு வட்டம் மிதந்துகொண்டிருந்தது. கம்பியை வளைத்து எடுத்தேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் வெள்ளித் தகடு, மறுபக்கம் மெல்லிய நுரை அட்டை. விளிம்பில் ஓரிடத்தில் கிழிசல். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. டீசலில் கலக்கும் ஒரு மருந்துப் புட்டியின் வாயில் மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் முத்திரை அது. நகத்தால் பிரிக்கச் சோம்பி ஸ்க்ரூடிரைவரால் குத்தி, புட்டியை அப்படியே டேங்கில் கவிழ்த்தவன் நான்தான். குறிப்பேட்டில் அதற்கும் வரி இருந்தது: 1,383ஆம் மணி.

டேங்க் நிறைந்திருந்தபோது வட்டம் மேலே சும்மா மிதந்திருக்கிறது. மட்டம் இறங்கி, வெளிவாய்க்கு அருகே வந்ததும் ஓட்டம் அதை இழுத்து வாயில் ஒட்டிவைத்துவிடும். இன்ஜின் நின்று பம்பின் இழுப்பு போனதும் நுரை அட்டை தானே மேலே எழும்பிவிடும். பத்து நிமிடம் மரத்தடியில் நான் திட்டிக்கொண்டிருந்தபோது அது தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்திருக்கிறது.

பழைய பம்பை மறுபடி மாட்டி, புதியதை உறையில் போட்டு ஷெட்டில் வைத்திருக்கிறேன். புனலில் பித்தளை வலை ஒன்றைப் பற்றவைத்தாயிற்று. டீசலைக் காலையில் ஊற்றுவதை விட்டு, மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை வாய்வரை நிரப்புகிறேன். காலி இடம் இல்லாவிட்டால் இரவில் காற்றின் ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து டீசலில் இறங்க இடமிருக்காது. கிண்ணத்தில் உருண்ட அந்த முத்துகளும் அப்படி வந்தவைதான். ஒரு மாதம் கழித்துக் கிண்ணத்தைப் பார்த்தேன், தண்ணீர் இல்லை.

இப்போது மணிமீட்டர் 1,437. முன் அச்சின் இடது முனையில், சக்கரத்துக்கு உட்புறம், தூசி ஈரமாகி ஒட்டியிருக்கிறது. விரலில் தொட்டு முகர்ந்தேன், கியர் ஆயில் வாசம். சீலைக் கழற்றுமுன் அந்த அச்சின் காற்றுப்போக்கி மண்ணால் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் உள்ளழுத்தம் அதைத் தள்ளி ஒழுக வைக்கும். குறிப்பேட்டில் கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறேன்.